பெரட்டுக்கு வராதவர்கள்

வெஸ்ட்கேட், ஆக்லாந்து
மே 3

என் செல்ல மகள் மஹதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வர வேண்டும் என்று மாரியம்மனிடம் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு வலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது, விரி கிடங்கில் இருபது வருஷம் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியதற்கு அதுதான் மிச்சம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், இவர் கடைத்தெரு வரை நடந்துபோய் கறி அடைத்த மீட் பை ஒன்றைத் தின்றுவிட்டு நடந்து வருகிறார். எதிர்ப்பக்கத்துக் காலி நிலத்திலும் வீடு எழும்பிவிட்டது, இனி உன் அறை ஜன்னலிலிருந்து மலை தெரியாது.

போனிலே சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "அம்மா ப்ளீஸ்" என்று ஆரம்பித்துவிடுவாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. லோஜனா உனக்குப் போன் போட்டு அழுதது எனக்குத் தெரியும். நீ அனுப்பிய குரல் செய்தியையும் மூன்று தடவை கேட்டேன். எண்பத்துமூன்று வயது மனிதரை, அதுவும் உன் பள்ளிக்கூடத்துத் தோழியின் அப்பாவை, அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்து அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்தேன். வாய் தவறிச் செய்யவில்லை, கோபத்தில் கண் மறைத்துச் செய்யவில்லை, ஆறு வாரம் உட்கார்ந்து யோசித்துச் செய்தேன். லோஜனா தன் பக்கத்தைச் சொல்லிவிட்டாள், இப்போது உன் அம்மா பக்கத்தைக் கேள்.

லோஜனாவின் அப்பா இராசநாயகம் எங்கள் மூத்தோர் மன்றத்துக்குத் தலைவர் என்பது உனக்குத் தெரியும். எல்லர்ஸ்லியில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு உலகப் போர்தான் உத்தியோகம். ஜனவரியிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் எங்களை உட்காரவைத்துத் திரை கட்டி, இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் என்று வரிசையாகப் பேசிவந்தார். நன்றாகத்தான் பேசுவார், வானொலிக் குரல். முதல் வாரம் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்தது மிட்வே. நடுக்கடலில் ஒரே நாளில் ஜப்பானுடைய நான்கு பெரிய கப்பல்கள் அடிபட்டு முழுகியதை ஒரு மணி நேரம் சொன்னார், படம், அம்புக்குறி எல்லாம் போட்டு. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி, கடல் வழி பயமாகிவிட்டதால் பர்மாவுக்குப் படை அனுப்ப ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட்டான் என்று. அவ்வளவுதான், அடுத்த படம் வந்துவிட்டது. போட்டது யார் என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் எழுந்துவிடுவேன் என்று பயம். அன்றைக்கு நான் எழவில்லை. விஷயம் தெரியாத மனிதர், நம் கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது பேச்சில்தான் விஷயம் வந்தது. ஸ்டாலின்கிராடில் ஜனங்கள் எலியைத் தின்றார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பசி என்றால் எனக்கும் தெரியும், நான் சிங்கப்பூர் விழுந்த மாதம் மலாயாவில் பிறந்தவன் என்றார். அவருடைய தகப்பனார் அம்பலவாணர் பேராக்கில் சுங்கை மெராந்தித் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக, இருந்தாராம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தையே அவர்தான் நடத்தினாராம். தாய்ப்பால் வற்றிப்போய், வீட்டில் நின்ற ஓர் ஆட்டின் பாலில்தான் இவர் பிழைத்தாராம். பிறகு சிரித்துக்கொண்டே, "அரைக்காதி எண்டு அம்மா அந்த ஆட்டுக்குப் பேர் வைச்சிருந்தவ. ஒரு காது பாதிதானாம். அதின்ரை பாலிலைதான் நான் இந்த உயரம் வளந்தது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காதுக்குள் இரைச்சலாகிவிட்டது மஹதி.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, தினமும் காலையில் பல் விளக்கும்போது எதையோ முணுமுணுப்பாரே, நீ சின்னப் பிள்ளையில் அது மந்திரம் என்று நினைத்து நீயும் கூடச் சொல்வாயே. அது மந்திரம் இல்லை. சுங்கை மெராந்தியிலிருந்து சயாமுக்குப் போன நாற்பத்தாறு பேருடைய பெயர். கூலிக்காரர் குடியிருந்த லயத்து அறைகளின் வரிசைப்படி, பெரட்டில் கூப்பிட்ட அதே வரிசை. பெரட்டு என்றால் உனக்கு விளங்காது, தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவன் இருக்கேங்க என்பான். வராதவனுக்கு அவன் லயத்துக்காரன் யாராவது வரலைங்க என்று பதில் சொல்ல வேண்டும். கிராணி அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார், அன்றைக்குக் கூலி இல்லை. எங்கள் ஜனங்களுக்கு வேலை, அரிசி, மானம் எல்லாமே அந்தக் கோட்டில் இருந்தது.

நாற்பத்துமூன்றாம் வருஷம் சித்திரை மாதம் ஒரு பெரட்டில் அம்பலவாணர் கிராணி நாற்பத்தாறு பெயரைத் தனியாக வாசித்தார். வடக்கே மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம், குடும்பத்துக்கு அரிசி என்றார். அதற்கு முந்தின நாளே விஷயம் கசிந்துவிட்டது, பெயரை எடுக்கச் சொல்லிக் கோழி கொடுத்தவன் கோழி கொடுத்தான், தோடு கொடுத்தவள் தோடு கொடுத்தாள், பெயர்கள் அழிந்து வேறு பெயர்கள் ஏறின. தாத்தாவின் அண்ணன் அங்கமுத்து கல்யாணமாகாத ஆள், இருபத்துநான்கு வயது. அவரிடம் ஒரு பால் ஆடு இருந்தது, நாய் கடித்து ஒரு காது பாதியாகிப்போன ஆடு. நான் போகிறேன், என் தம்பி பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று அந்த ஆட்டைக் கொண்டுபோய்க் கிராணி வீட்டுப் பின்புறத்தில் கட்டிவிட்டு வந்தார். கிராணியும் சரி என்று தலையாட்டினார். மறுநாள் பெரட்டில் அண்ணன் பெயரும் வந்தது, தம்பி பெயரும் வந்தது. ஆடு மட்டும் திரும்பி வரவில்லை.

இராசநாயகம் தன் நான்காவது பேச்சில் ரஷ்யாவில் குர்ஸ்க் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான டாங்கிகள் மோதிக்கொண்டதைச் சொன்னார், நாற்பத்துமூன்று ஜூலை. எனக்கும் அந்த ஜூலை தெரியும். அந்த ஜூலையில்தான் அங்கமுத்துவைக் காலராக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாத்தா வாசல்வரை போனார், உள்ளே விடவில்லை. நாற்பத்தாறு பேரில் திரும்பி வந்தது ஐந்து. போர் முடிந்து தாத்தா தோட்டத்துக்கு வந்த மறுநாள் வேறு கதியில்லாமல் பெரட்டுக்குப் போய் நின்றார். அதே அம்பலவாணர், அதே பழைய செக்ரோல். செத்தவர்கள் பெயரையும் சேர்த்து வரிசையாகக் கூப்பிட்டார். அங்கமுத்து என்றதும் தாத்தாதான் வரலைங்க என்று சொன்னார். அந்த மனிதர் தலையைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார், என்னமோ காய்ச்சலில் லயத்தில் படுத்திருக்கிறவனுக்குப் போடுகிற மாதிரி. கிராணி வீட்டுப் பின்புறத்தில் அரைக்காதுக்காரி மூன்று குட்டிகளோடு நின்றதாம். ஒரு வருஷத்துக்குள் கிராணி குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிவிட்டார். தாத்தா சாகும்வரை ஆட்டுப்பாலும் தொடவில்லை, ஆட்டுக்கறியும் தொடவில்லை. நீ அதைப் பக்தி என்று நினைத்திருப்பாய், அது பக்தி இல்லை, பழி.

நீ உன் செய்தியில் சொன்னாய், அம்மா, அவர் அப்போது கைக்குழந்தை என்று. நானும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டேன். பால் குடித்த குழந்தைமேல் எனக்கென்ன கோபம். ஆனால் ஐந்தாவது பேச்சு முடிந்து அவர் ஒரு புத்தகத்தின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார், ஏப்ரலில் ஆன்ஸாக் போர் நினைவு தினத்தன்று வெளியிடப்போகிறோம், பிழை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கோ என்றார். முப்பத்தோராம் பக்கத்தில் தகப்பனார் படம். அதன் கீழே, பஞ்ச காலத்தில் சுங்கை மெராந்தித் தோட்டத்தின் நாற்பத்தாறு தொழிலாளருக்கு வடக்கே நல்ல வேலை எடுத்துக் கொடுத்து அவர்களையும் குடும்பங்களையும் காத்தவர், அவர்கள் அனைவரும் போர் முடிந்து நலமே திரும்பினர் என்று அச்சாகியிருந்தது. அதை எழுதியது கைக்குழந்தை இல்லை மஹதி. எண்பத்துமூன்று வயது மனிதர், ஒருவரைக்கூட விசாரிக்காமல் எழுதியிருக்கிறார். காலராக் கொட்டகையில் கிடந்தவரை நலமே திரும்பினார் என்று எழுதிவிட்டால், இந்த ஊர் நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிற வரைக்கும் என் பெரியப்பா செத்ததே இல்லை என்று ஆகிவிடும். இந்த மனிதரை அவர் வாயாலேயே கெடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

உன் அப்பா சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் நான் அவரை மறைத்தேன் என்று ஆகக்கூடாது. விட்ரு குணா, செத்தவனுங்க செத்துட்டானுங்க, தனியாக் கூப்பிட்டுச் சொன்னா திருத்திடுவாரு என்றார். திருத்துவார், எனக்கும் தெரியும். அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதே ஹாலில் அதே கைதட்டலை வாங்குவார். ரகசியமாகத் திருத்திக்கொள்ள நான் ஏன் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அம்பலவாணர் நாற்பத்தாறு பெயரையும் ஊர் முன்னால்தான் வாசித்தார்.

அதனால் நேரே இராசநாயகம் வீட்டுக்கே போனேன். ஆன்ஸாக் தினத்தில் வெள்ளைக்காரர்கள் நினைவுக்கல்லுக்கு முன்னால் செத்தவர்கள் பெயரை வாசிக்கிறார்களே, நாமும் சயாம் ரயில் பாதையில் செத்த தமிழர் சிலருடைய பெயரை வாசித்தால் என்ன, என் அப்பா எழுதிவைத்தது ஒன்று இருக்கிறது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இது எனக்குத் தோன்றாமல் போச்சே என்றார், தானே வாசிப்பதாகவும் சொன்னார். முன்கூட்டிப் பார்க்கத் தரட்டுமா என்றேன், தேவையில்லை, எந்தப் பெயரும் தன் வாயில் தடக்காது என்றுவிட்டார். லோஜனா தேநீர் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு பை ஃபிஜோவாப் பழமும் எடுத்துவந்து, உனக்குப் பிடிக்கும் என்று நினைவுபடுத்திக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பையை வழியிலேயே பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டேன். அந்த வீட்டிலிருந்து வருகிற எதையும் நான் வாயில் வைக்கமாட்டேன்.

வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன உன் அப்பாதான் நூலகத்துக்குப் போய்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்தார். திரும்பாத நாற்பத்தொரு பெயர்கள். கடைசித் தாளின் அடியில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: சுங்கை மெராந்தித் தோட்டம், பெயர் எழுதி அனுப்பியவர் கிராணி அம்பலவாணர். அந்த வரியை அவர் தெரியாமல் கடகடவென்று வாசித்துவிட்டு, வாசித்த பிறகு என்ன வாசித்தோம் என்று விளங்கி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகத்தான் அத்தனையும்.

ஆன்ஸாக் தினத்தன்று ஹாலில் எழுபது பேர் இருக்கும். இராசநாயகம் கோட்டுச் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். மேடை ஓரத்தில் புத்தகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தாளை மேடைக்கு ஏறும்போதுதான் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பெயரை வாசித்தார், பாவாடை. நான் எழுந்து நின்று வரலைங்க என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தார், ஏதோ பிரார்த்தனை முறை என்று நினைத்திருப்பார். சின்னப்பன், வரலைங்க. குப்பாயி, வரலைங்க. நாலாவது பெயரில் சிரிப்பு நின்றது. கிராணி மகன் அல்லவா, வீட்டில் கேட்டிருப்பார், பெரட்டு என்று விளங்கிவிட்டது. எந்தத் தோட்டத்துப் பெரட்டு என்றுதான் இன்னும் தெரியாது. பத்தாவது பெயருக்கு வந்தபோது மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பின்னால் எழுந்து என்னோடு சேர்ந்து சொன்னார்கள். இருபதாவது பெயருக்குள் யாழ்ப்பாணத்துப் பெண்களும் எழுந்துவிட்டார்கள், அவர்கள் தங்கள் பேச்சில் வரேல்லை என்றார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்கும் வராதவர்கள் இருக்கிறார்களே, பெயர் கூப்பிட ஆள்தான் இல்லை. இருபத்தொன்பதாவது அங்கமுத்து. ஆறு வாரமாக எண்ணிக்கொண்டிருந்த பெயர், எழுந்து நிற்கிறேன், வாய் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. கடைசி வரிசையில் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து உன் அப்பாதான் வரலைங்க என்றார், ஹால் முழுவதும் கேட்கிற மாதிரி.

கடைசித் தாள் வந்தது. நாற்பத்தொன்று முடிந்தது. அடிவரியைப் பார்த்ததும் அவர் வாசிக்காமல் நின்றுவிட்டார். கடகடவென்று வாசிப்பார் என்று நான் போட்ட கணக்கு அங்கே பிசகிவிட்டது, கண்ணுக்கு முன்னால் தகப்பனார் பெயர், அவர் பார்த்துவிட்டார். இதோ அந்த வரியை விழுங்கப்போகிறார் என்று நினைத்தேன். விழுங்கினால் நானே மேடையேறி வாசிப்பது என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அதே குரலில், ஓர் எழுத்துக் குறைக்காமல், சுங்கை மெராந்தித் தோட்டம், பெயர் எழுதி அனுப்பியவர் கிராணி அம்பலவாணர் என்று வாசித்தார். யாரும் பதில் சொல்லவில்லை, என்ன சொல்வது. பிறகு அந்தப் பெயருக்கு அவரே மைக்கில் பதில் சொன்னார்.

"ஓம். வந்திருக்கிறன்."

மஹதி, எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. அவர் குழற வேண்டும், வியர்க்க வேண்டும், இது பொய் என்று கத்த வேண்டும், நான் ஆறு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன், ஒன்றுகூட உதவவில்லை. அப்பன் ஆட்டைக் கொண்டுபோனார், மகன் என் பழியின் கடைசிக் கவளத்தைக் கொண்டுபோய்விட்டார். அவர் மெதுவாக மேடையிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். அரைக்காதியைப் பற்றி அங்கேயே நின்று சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன், பெரியப்பா தலைக்கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போனதிலிருந்து மூன்று குட்டி வரைக்கும். நின்று கேட்டார். தனக்குத் தெரியாது என்று சொன்னார், அது உண்மையாகவே இருக்கலாம். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன், கொடுக்க நான் யார், அது அங்கமுத்துவுடையது. அவர் கேட்டது ஒன்றுதான், அடுத்த வருஷமும் நான்தானே வாசிக்கிறது என்றார். ஆமாம், நீங்கள்தான், உயிரோடு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் நீங்கள்தான் என்றேன். தலையாட்டினார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் தலையாட்டினார், அதனால் எழுதி வாங்கிக்கொண்டேன், மன்றத்தின் கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது.

புத்தகம் ஒன்றுகூட வெளியே போகவில்லை. இருநூறு பிரதியும் அவர்கள் கராஜில் கிடக்கிறதாம், முப்பத்தோராம் பக்கத்தை மாற்றி நாற்பத்தொரு பெயரையும் போட்டுத் திரும்ப அச்சடிக்கப்போகிறாராம், படம் இல்லாமல். லோஜனா அழுதது அதனால்தான், தன் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று. அதற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்காதே, தாத்தா எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ லோஜனாவோடு பேசு. அவளை விட்டுவிடாதே, உனக்குக் காய்ச்சல் வந்த போதெல்லாம் நோட்டுப் பாடம் எழுதிக் கொடுத்த பிள்ளை. முந்தாநாள் வாசலில் ஒரு பை ஃபிஜோவா இருந்தது, பெல் அடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உன் அப்பா தின்கிறார். நான் தொடவில்லை, ஆனால் இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கவில்லை.

அங்கே குளிர் விடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார், காதை மூடிக்கொண்டு போ, இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, வீடு நிறையப் பிள்ளைகளோடு, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. இராசநாயகத்துக்குப் பிறகு தான் வாசிப்பதாக லோஜனா தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாளாம். எனக்குப் பிறகு பதில் சொல்ல எழுந்து நிற்க வேண்டியது நீ. பட்டியல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், வேலைக்குப் போகிற வழியில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள், ஆங்கிலத்தில் சொல்லிவைக்காதே. இருபத்தொன்பதாவது பெயர் வரும்போது தொண்டை கட்டும், இருபத்தெட்டு முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
குணவதி சுந்தரம்